நான் வாசிக்காம விட்ட ஆறு பக்கம்

"கதவைச் சாத்தினாளே, அதோட நிறுத்தினாரு பாருங்க, அந்தத் தைரியத்துக்காகவே இந்த நாவலை நான் ரெண்டு தடவை கேட்டேன்"னு லூர்து அண்ணன் சொல்லி முடிச்சாரு. ஹால்ல இருந்த பதினேழு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தாங்க. நான் மட்டும் தரையப் பாத்தேன்.

கோமதிநாயகம் சார்தான் வாயத் தொறந்தாரு. "கதவா? கடைசில அக்காவும் தம்பியும் சேந்து கஞ்சி குடிச்சிட்டு ஃபோட்டோ எடுத்துக்குவாங்களே. நீங்க எந்த நாவலைச் சொல்றீங்க லூர்து?"

பின்னாடி யாரோ சிரிச்சாங்க. பாதில தூங்கிட்டீங்களாண்ணேன்னு இன்னொரு குரல்.

அண்ணன் என் பக்கம் தலையத் திருப்பினாரு. அப்புறம் அவரும் சிரிச்சாரு. "தூங்கிட்டேன் போல."

தூங்கல. அவரு தூங்கவே இல்ல. கடைசி அத்தியாயத்தை அவருக்கு நான் வாசிக்கவே இல்ல.

இருங்க, முதல்ல இருந்து சொல்றேன். நான் ஒரு பல் ஆஸ்பத்திரில ரிசப்ஷன்ல இருக்கேன். இப்பத்தான் ஒருத்தர் ரூட் கேனாலுக்கு உள்ள போயிருக்காரு, முக்கா மணி நேரம் ஆகும், அதுக்குள்ள இதை டைப் அடிச்சு முடிச்சிடணும்.

லூர்து அண்ணனுக்குப் பொறந்ததுல இருந்தே பார்வை கிடையாது. எங்க ஊர் பஸ் ஸ்டாண்ட்ல மைக்ல கேக்குற குரல் அவரோடதுதான். எந்த நடைமேடைல எந்த வண்டி நிக்குதுங்கறதுல இருந்து, காணாமப் போன குடைக்கு ஆள் தேடுறது வரைக்கும் அவருதான். வயசு முப்பத்தொண்ணு. ஊர்ல அவரு அளவுக்குப் புக்கு படிச்சவங்க யாரும் இல்ல. படிச்சவங்கன்னா கேட்டவங்க. யாராச்சும் ஃபோன்ல வாசிச்சு ரெக்கார்ட் பண்ணி, அத்தியாயம் அத்தியாயமா அனுப்பணும். ரெண்டு வருஷமா அந்த யாராச்சும் நான்தான்.

எனக்கு வாசிக்கவே தெரியாது முதல்ல. எட்டாம் கிளாஸ்ல எந்திரிச்சு நின்னு ஒப்பிக்கிற மாதிரி வாசிப்பேன். மூச்சை எங்க விடணும், ஒரு ஆள் பேசி முடிச்சு இன்னொரு ஆள் ஆரம்பிக்கிறது எப்படிக் காதுக்குப் புரியணும், எல்லாம் அவருதான் சொல்லிக் குடுத்தாரு. ஃபேனை ஆஃப் பண்ணிட்டு பீரோவைத் தொறந்து, அம்மாவோட சேலைகளுக்கு நடுவுல தலையை விட்டு வாசிச்சா எதிரொலி வராதுன்னு சொல்லிக் குடுத்ததும் அவருதான். கதைல வர்ற குருவெல்லாம் மரத்தடில கண்ணை மூடி உக்காந்திருப்பாங்க. என் குரு டேபிள் ஃபேனுக்கு முன்னாடி சட்டைல ரெண்டு பட்டனைக் கழட்டிவிட்டு உக்காந்திருப்பாரு.

எங்க ஊர் நூலக மாடில மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை வாசகர் வட்டம் கூடும். பரீட்சைக்குப் படிச்சது, ஆபீசுக்குப் படிச்சது எதுவும் பேசக்கூடாது, ஆசைக்குப் படிச்சதைத்தான் பேசணும். கைல குறிப்பு வச்சுக்கக்கூடாது. இந்த மாசம் நான் நாலு படிச்சேன். ஒரு சர்க்கஸ் கூடாரத்தைப் பத்தின சிறுகதைங்க. ரொம்ப நல்லா இருந்துச்சு, யானைக்குக் காய்ச்சல் வர்ற கதையப் படிச்சிட்டு டிபன் பாக்ஸைத் தொறக்காம உக்காந்திருந்தேன். ஒரு துப்பறியும் நாவல், நாப்பதாவது பக்கத்துலயே கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சிருச்சு. ஆனாலும் நான் கண்டுபிடிச்சது சரியான்னு பாக்கவே மிச்சத்தைப் படிச்சேன், அதுவும் ஒரு சுகம்தான். லாரி ஓட்டுற ஒருத்தர் எழுதின பயணக் குறிப்பு, அதுல பாதி டீக்கடைங்க, எல்லாக் கடைலயும் டீ நல்லா இருக்குங்கறாரு, நம்ப முடியல.

நாலாவதுதான் இந்த நாவல். எல்லாரும் ஒரே புக்கைப் படிச்சிட்டு வருவோம்னு வட்டத்துல முடிவு பண்ணினது.

கனகம்னு ஒரு அக்கா. அப்பா செத்த பத்தாம் நாள், ரேஷன் கார்டுல பேர் மாத்தணும்னு சொல்லி தம்பிக்காரன் கையெழுத்து வாங்கிட்டுப் போறான். வீடு அவன் பேருக்குப் போயிருது. அவ மாவு மில்லு வச்சுப் பொழைக்கிறா. பதினெட்டு வருஷம். முடியெல்லாம் மாவா, இருமிக்கிட்டே இருக்கிறா, ஒருத்தர்கிட்டயும் அழமாட்டேங்குறா. முப்பத்தொண்ணாவது அத்தியாயத்துல அந்தத் தம்பி எல்லாத்தையும் தொலைச்சிட்டு அவ வாசல்ல வந்து நிக்கிறான். அவ அவனை ஏற இறங்கப் பாக்குறா. "மில்லு மூடியாச்சு"ன்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திடுறா.

பீரோக்குள்ள தலையை விட்டுக்கிட்டு நான் அழுதுட்டேன். மூணு தடவை திரும்ப ரெக்கார்ட் பண்ணினேன்.

அதுக்கப்புறம் பக்கத்தைத் திருப்புனா முப்பத்திரெண்டு.

ஆறு பக்கம்ங்க. ஆறே ஆறு பக்கம். தம்பிக்கு மஞ்சக்காமாலை. இவ கஞ்சி காய்ச்சிக்கிட்டு ஓடுறா. அவன் ஒரு வார்த்தை மன்னிப்பு கேக்கல. இவளும் கேக்கல, ஏண்டா என் வீட்ட எடுத்தேன்னு. ரெண்டு பேரும் ஒரே கும்பாவுல கஞ்சி குடிக்கிறாங்க. அப்புறம் குடும்பத்தோட ஸ்டுடியோவுக்குப் போயி ஃபோட்டோ. ஃபோட்டோக்காரர் சிரிங்கங்குறாரு, எல்லாரும் சிரிக்கிறாங்க, நாவல் முடிஞ்சிருது.

எனக்கு வந்த கோவத்துக்குப் புக்கைக் கட்டில்ல வீசினேன். முன்னூத்தி எம்பது பக்கம் அவளை நிமிந்து நிக்க வச்சிட்டு, கடைசில எழுதுறவருக்கு யாரப் பாத்துப் பயம் வந்துச்சு? அவ இருமினதெல்லாம் யாருக்காக? இதைப் போயி நான் என் குரல்ல வாசிச்சு, லூர்து அண்ணன் காதுல ஊத்தணுமா?

ஊத்தல. முப்பத்தொண்ணாவது அத்தியாயத்தோட கடைசில மறுபடி ஃபோனை ஆன் பண்ணி, "முற்றும்"னு ஒரு வார்த்தை சொல்லி ஒட்டி அனுப்பிட்டேன்.

அனுப்பும்போது ஒரு துளி கூடத் தப்புன்னு தோணல. உண்மையச் சொல்லணும்னா பெருமையா இருந்துச்சு. அந்த எழுத்தாளர் கெடுத்ததை நான் சரி பண்ணிட்டேன்னு. வட்டத்துல பேச்சு வரும்னு யோசிச்சேனான்னா, யோசிக்கல. அவ்வளவுதான் என் அறிவு.

(போஸ்ட் ஆபீஸ் அம்மா ஒருத்தங்க பல்லு செட்டு ரெடியான்னு கேட்டு வந்தாங்க. வியாழக்கிழமைன்னு சொல்லி அனுப்பியாச்சு. தொடர்றேன்.)

கூட்டம் முடிஞ்சதும் நான் அண்ணன் பக்கத்துல போகவே இல்ல. கீழ வரைக்கும் அவரு கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றது எப்பவும் நான்தான். அன்னைக்குக் கோமதிநாயகம் சார் கூட்டிட்டு வந்தாரு. எனக்கு அந்த சார் மேல அப்படி ஒரு எரிச்சல். அத்தனை பேர் முன்னாடி கேக்கணுமா? காலேஜ்ல வாத்தியார்னா எங்க போனாலும் பேப்பர் திருத்திக்கிட்டே இருக்கணுமா?

சாயங்காலம் வட்டத்தோட வாட்ஸப் குரூப்ல அண்ணன்கிட்ட இருந்து ஒரு செய்தி. 'அடுத்த நாவலை எனக்கு வாசிச்சுத் தர யாருக்காச்சும் நேரம் இருக்கா?'

குரூப்ல நானும் இருக்கேன். எனக்குத் தனியா ஒரு வரி கிடையாது. ஏன் சுபா இப்படிப் பண்ணினேன்னு ஒரு கேள்வி கிடையாது. திட்டியிருந்தா நானும் ரெண்டு திட்டியிருப்பேன், முடிஞ்சிருக்கும். அஞ்சு நிமிஷத்துல கோமதிநாயகம் சார் ஒரு கட்டை விரலைப் போட்டாரு. அந்த சார் வாசிச்சு நான் கேட்டிருக்கேன், மின்வாரிய நோட்டீஸ் மாதிரி இருக்கும். காதல் கடிதத்தையும் அப்படித்தான் வாசிப்பாரு.

ரெண்டு வருஷம். இருபத்தாறு புக்கு. அம்மா சேலை பூரா என் மூச்சுக் காத்து. அதெல்லாம் ஒரு கட்டை விரலுக்குப் போயிருச்சா?

மறுநாள் மதியம் ஆஸ்பத்திரி ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் மூடியிருக்கும். சாப்பிடாம நேரா பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டேன். நாவலும் பைல இருந்துச்சு. அண்ணன் ரூம்ல ஒரு மேஜை, ஒரு மைக்கு, ஒரு ஜன்னல். மேஜை மேல புதுப் புக்கு ஒண்ணு, இன்னும் கண்ணாடித் தாள் பிரிக்கல. அடுத்த நாவல்.

நான் கதவுகிட்ட நின்னதும், செருப்பு சத்தத்துலயே தெரிஞ்சிருச்சு அவருக்கு. "வா சுபா. சாப்பிட்டியா?"

பாத்தீங்களா, இதான் எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. சாப்பிட்டியாவாம்.

நான் கொட்டித் தீத்துட்டேன். நீங்க என்ன பெரிய மனுஷன் மாதிரி தூங்கிட்டேன்னு சொல்றது, நான் கேட்டேனா உங்களக் காப்பாத்தச் சொல்லி, திட்டணும்னா மூஞ்சிக்கு நேரா திட்டுங்க, குரூப்ல போயி ஆள் தேடுறீங்க. நான் எதை விட்டேன், ஒரு குப்பையத்தான் விட்டேன். நல்ல சாப்பாடு போடும்போது கல்லைப் பொறுக்கித் தள்ளமாட்டாங்களா? அந்த மாதிரிதான். உங்க மேல இருந்த மரியாதைலதான் செஞ்சேன்.

அவரு முழுசாக் கேட்டுக்கிட்டாரு. நேரக்காப்பாளர் ரூம்ல இருந்து மணி அடிச்சது. மைக்கை இழுத்து ஸ்விட்சைத் தட்டினாரு.

"பயணிகள் கனிவான கவனத்திற்கு. மூன்றாவது நடைமேடையில் நிற்கும் பேருந்து வத்தலக்குண்டு, தேவதானப்பட்டி, தேனி வழியாக போடி செல்லும்."

ரெண்டு தடவை சொல்லிட்டு ஸ்விட்சை அணைச்சாரு. எனக்கு எதுவும் உறைக்கல. நான் விட்ட இடத்துல இருந்து மறுபடி ஆரம்பிச்சேன்.

ஒரு நிமிஷம் கூட ஆகியிருக்காது, ஜன்னலுக்கு வெளிய ஒரு அம்மா. தலைல ஒரு மூட்டை, கைல ஒரு பலாப்பழம். மூச்சு வாங்குது.

"ஏப்பா, இந்த வண்டி பெரியகுளம் போகாதா? எப்பவும் போகுமே."

"போகும்மா."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"எனக்கு அந்த ஊர் பிடிக்கலம்மா. ஒரு தடவை ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்னேன் அங்க. அதான் விட்டுட்டேன்."

அந்த அம்மா பலாப்பழத்தைக் கீழ வச்சுது. வச்சிட்டு ஆரம்பிச்சுது பாருங்க. "உனக்குப் பிடிச்சா என்ன, பிடிக்காட்டி என்ன? நீயா போய் எறங்கப்போற? எம்மவளக் கட்டிக் குடுத்த ஊருய்யா அது. மைக்கைக் கைல குடுத்துட்டா ஊரையே தூக்கிருவியா நீயி?"

இன்னும் நெறைய சொல்லிச்சு. எல்லாத்தையும் அடிக்க முடியாது, ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் இது.

அண்ணன் எந்திரிச்சு நின்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. தப்புதாம்மா, மன்னிச்சுக்கங்க, வண்டி கெளம்ப இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்குன்னாரு. உடனே மைக்ல மறுபடி சொன்னாரு. பெரியகுளத்தை அழுத்தமா, மூணு தடவை. அந்த அம்மா பழத்தைத் தூக்கிக்கிட்டு, போறப்பவும் திரும்பிப் பாத்து ஏதோ சொல்லிக்கிட்டே போச்சு.

அவரு உக்காந்தாரு. என் பக்கம் மூஞ்சியத் திருப்பி வச்சுக்கிட்டாரு.

புரியாம இல்ல எனக்கு. புரிஞ்சதுனாலதான் இன்னும் கோவம் வந்துச்சு. "அண்ணே, பெரியகுளமும் கஞ்சியும் ஒண்ணா? பெரியகுளம்னு ஒரு ஊர் இருக்கு. அந்த அத்தியாயம் இருந்திருக்கவே கூடாது."

"இருக்கே."

"இருக்கு. ஆனா கேவலமா இருக்கு."

"வாசி."

"எதை?"

"முப்பத்திரெண்டை. கொண்டு வந்திருக்கியே, பையக் கீழ வச்ச சத்தம் கனமா இருந்துச்சே."

வாசிக்க மாட்டேன்னேன். அவரு அடுத்த வண்டியச் சொல்லப் போயிட்டாரு. பழனி வண்டி. அப்புறம் ஒரு பர்ஸ் கிடைச்சிருக்குன்னு ஒரு அறிவிப்பு. நான் சும்மாவே நின்னேன். நாலு மணிக்கு நான் போயாகணும்னு அவருக்கும் தெரியும். அவசரமே படல மனுஷன்.

கடைசில மைக் ஆஃப்ல இருக்கான்னு ரெண்டு தடவை பாத்துட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தேன். எனக்கு உள்ள ஒரே ஒரு பயம்தான். இவருக்கு இது பிடிச்சிருச்சுன்னா? கேட்டுட்டு நல்லாத்தானே இருக்குன்னு சொல்லிட்டாருன்னா? அப்ப நான் யாரு? கோமதிநாயகம் சார் வாசிச்சிட்டுப் போகட்டும்னு எந்திரிச்சுப் போறதுதான்.

வாசிச்சேன். ஆறு பக்கத்துக்கு அம்பது நிமிஷம் ஆச்சு. ரெண்டு பத்தி வாசிப்பேன், மணி அடிக்கும், கரூர் வண்டி. ஒரு பத்தி, திருச்சி வண்டி. அவரு சொல்லிக் குடுத்த மாதிரியே வாசிச்சேன், என் கோவத்தை உள்ள விடாம. எவ்வளவு கஷ்டம்னு வாசிச்சுப் பாத்தாத்தான் தெரியும்.

மஞ்சக்காமாலைக்கு அவரு அசையல. கஞ்சி காய்ச்சினப்ப நாற்காலில முன்னாடி நகந்தாரு. ஒரே கும்பாவுல குடிச்சப்ப, "அவன் ஒண்ணும் சொல்லலையா?"ன்னு கேட்டாரு. சொல்லலண்ணே. "இவளும் கேக்கலையா?" கேக்கல. ஃபோட்டோ ஸ்டுடியோ வந்துச்சு. ஃபோட்டோக்காரர் சிரிக்கச் சொன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நான் புக்கை மூடினேன்.

அவரு மேஜைய உள்ளங்கையால ஒரு தட்டு தட்டினாரு. மைக்கு ஆடிப்போச்சு.

"என்னது இது? பதினெட்டு வருஷம் மாவைத் தின்னவளுக்கு ஃபோட்டோவா? இந்தாளு அவளை எழுதினவர்தானா, வேற யாராச்சும் எழுதிக் குடுத்தாங்களா? அவன் சாப்பிடட்டும், வேணாங்கல. ஏண்டா எடுத்தேன்னு ஒரு கேள்வி கேட்டுட்டுக் கஞ்சிய ஊத்தினா என்ன கொறைஞ்சா போயிரும்?"

நிறுத்தவே இல்ல அவரு. நான் யோசிக்காததெல்லாம் சொன்னாரு. அந்தக் கும்பா அவங்க அம்மாவோடது, அதை ஏழாவது அத்தியாயத்துலயே தம்பி வித்துட்டான், அது எப்படித் திரும்பி வந்துச்சுன்னு கேட்டாரு. எனக்கு அது தோணவே இல்ல. கரூர் வண்டிக்கு ரெண்டாந்தடவை மணி அடிச்சதே அவரு காதுல விழல, நான்தான் தோளைத் தொட்டேன். வண்டிய அறிவிச்சிட்டு மறுபடி திட்டினாரு. மூஞ்சி செவந்து கெடக்கு. ரெண்டு வருஷத்துல அவரை அவ்வளவு சந்தோஷமா நான் பாத்ததே இல்ல.

கொஞ்சம் ஆறினதும் தடவிப் பாத்து அந்தப் புதுப் புக்கை என் பக்கம் தள்ளினாரு. "அடுத்ததையும் நீயே வாசி. கோமதிநாயகம் சாருக்கு நான் சொல்லிக்கிறேன்."

எனக்குக் கால் தரைல நிக்கல. புக்கு மேல கைய வச்சேன். அவரு இன்னும் கைய எடுக்கல. அப்பவாச்சும் நான் வாய மூடிக்கிட்டுக் கெளம்பியிருக்கணும்.

"பாத்தீங்களாண்ணே, உங்களுக்கும் பிடிக்கல. அப்ப நான் விட்டது சரிதானே?"

அவரு கை புக்கு மேலயே இருந்துச்சு.

"போன வாரம் அது உனக்குப் பிடிக்கல, சுபா. எனக்கு இன்னைக்குத்தான் பிடிக்கல."

அப்புறம் கைய எடுத்துக்கிட்டாரு. புக்கு மேஜை மேல அப்படியே கெடந்துச்சு. எடுத்துக்கலாம். ரொம்ப நேரம் நான் எடுக்கல.

நீங்க யாருக்காச்சும் வாசிச்சுக் காட்டினப்ப, பிடிக்காத பக்கத்தை அவங்களுக்குத் தெரியாமத் தாண்டியிருக்கீங்களா?